வழியில் உதவும் கைப்பம்பு

மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் நம் கிராமங்களில் சைக்கிள் தன் இடத்தை இழந்துவிடவில்லை. விடியற்காலையில் பால் சங்கத்திற்குச் செல்லும் உழவர் பலரும், அரசு வழங்கிய சைக்கிளில் மேனிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியரும் அதனையே நம்பியுள்ளனர். வழியில் ஒரு சீமைக்கருவேல முள் தைத்துவிட்டால், பழுது பார்க்கும் கடையோ வெகு தொலைவில் இருக்கும். பாலைச் சேர்க்கும் நேரம் தவறும். பள்ளி மணி அடித்துவிடும். காற்றில்லாத சக்கரத்துடன் ஓட்டிச் சென்றாலோ, ரிம்முக்கும் தரைக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். ஓர் ஒட்டோடு முடியவேண்டிய செலவு புது டியூபில் போய் முடியும். ஆகவே கைப்பம்பு ஒன்றை உடன் கொண்டுசெல்லுதல் நலம்.

தேர்ந்தெடுக்கும் முறை

பருமனான பம்பே சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. சாதாரணச் சைக்கிள் டயருக்குச் சதுர அங்குலத்திற்குச் சுமார் 45 பவுண்டு அழுத்தமேனும் வேண்டும். அந்நிலையில், உட்குறுக்களவு 20 மில்லிமீட்டர் உள்ள பம்பைத் தள்ள ஏறத்தாழ 10 கிலோ விசை போதும். 30 மில்லிமீட்டர் ஆயின் 22 கிலோ விசை தேவைப்படும். பள்ளிச் சிறுமியால் இதனை இறுதிவரை அடித்தல் அரிது. எனவே மெலிந்து நீண்ட பம்பே ஏற்றது. தண்டு 30 சென்டிமீட்டர் ஓடும் மெலிந்த பம்பாயின், எண்பது முதல் நூறு முறை அடித்தால் ஒரு டயர் நிரம்பும். பையில் அடங்கும் குட்டைப் பம்பிற்கு ஏறக்குறைய இருமடங்கு உழைப்பு வேண்டும்.

வாங்கும்போது பம்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடித் தள்ளிப் பார்க்கவேண்டும். தண்டு எதிர்த்து நின்று, கையை விட்டதும் பின்னுக்குத் தள்ளப்பட்டால் வாஷர் நன்றாயுள்ளது எனக் கொள்ளலாம். ரப்பர் வால்டியூப் உள்ள வால்வும், மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வும் வெவ்வேறு வாயமைப்பு உடையவை. தம் வண்டிக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குக.

வழியில் செய்யவேண்டுவன

காற்று இறங்கியதும் டயரைக் கழற்றுதல் வேண்டா. முதலில் சிறிது காற்றடித்து, வால்வின் வாயில் எச்சில் தடவிப் பார்க்கவேண்டும். குமிழி கிளம்பினால் வால்டியூபை மாற்றுவதே போதும். இல்லையெனில் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே எடுத்து, ஓட்டையைக் கண்டு, அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஈரம் உலர்ந்தபின் ஒட்டுப் போடவேண்டும். டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி முள்ளை நீக்க மறத்தல் கூடாது. மறந்தால் நூறடி செல்லுமுன் மீண்டும் காற்று இறங்கும்.

டியூபில் சிறிது காற்றேற்றி, மடிப்பின்றி உள்ளே செலுத்தி, பிறகு முழுவதும் அடிக்கவேண்டும். பம்பின் தண்டை முழு நீளமும் இழுத்துத் தள்ளுக. டயர் நிரம்பும் தறுவாயில், பம்பிலுள்ள காற்று நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே வால்வு திறக்கும். ஆதலால் அரைகுறையாக அடிப்பது வீண் உழைப்பு. வால்வுத் தண்டு ஆடினால் அதன் அடியில் டியூப் கிழியக்கூடும். ஒரு கையால் அதனை அசையாது பிடித்துக்கொள்ளவேண்டும்.

பாதுகாப்பு

கோடையில் தோல் வாஷர் உலர்ந்து சுருங்கும். தலைப்பைக் கழற்றி, ஓரிரு துளி விளக்கெண்ணெய் இட்டு, வாஷரின் விளிம்பை விரலால் விரித்துவிட்டால் பம்பு மீண்டும் நன்றாக வேலை செய்யும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரில் பொது இடமொன்றில், நின்றபடி அடிக்கும் பெரிய பம்பையும் ஒட்டுப்போடும் பொருள்களையும் வைக்க ஏற்பாடு செய்யலாம். பள்ளியில் ஒரு பிற்பகல் இவ்வேலையை மாணவர்க்குக் கற்பித்தால், பழுதுற்ற சைக்கிளை வழிநெடுகத் தள்ளிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும்.