ஜெனரேட்டர் வெளியேதான் இருக்கு, ஆனா எவ்வளவு வெளியே?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, லேசாகத் திருத்தியது.)

போன தீபாவளி லீவுக்கு ஆர்.கே.பேட்டைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திருத்தணியிலிருந்து பஸ். தறிச் சத்தம் கேட்டா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம். ராத்திரி மழை, கரண்ட் போச்சு. மாமா புதுசா வாங்கின 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரைப் பெருமையா ஸ்டார்ட் பண்ணினார். எங்கே வச்சிருந்தார்? பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இவங்க சுவருக்கும் நடுவுல இருக்கிற நாலடி சந்துல. வெளியேதானே, என்ன தப்புன்னுதான் நானும் நினைச்சேன்.

காலையில எழுந்தா எல்லாருக்கும் ஒரே தலைவலி, குமட்டல். அத்தை, "பித்தம்டா"ன்னு சுக்கு காபி போட்டாங்க. வாசல்ல உட்கார்ந்து குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலைவலி குறைஞ்சுடுச்சு. திரும்ப ரூமுக்குள்ள போனதும் மறுபடி ஆரம்பிச்சது. ஒரு வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிச்சு, வெளியே வந்தா குறைஞ்சா, அது பித்தம் இல்லை. கார்பன் மோனாக்சைடா இருக்கலாம்.

நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். தூக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தலைவலியே தெரியாம முடிஞ்சிடும். "புகை மேலே போயிடும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. சூடா இருக்கிற வரைக்கும் போகும். ஆறினதும், இந்த வாயுவோட எடை கிட்டத்தட்ட காத்து எடைதான், அதனால எல்லாப் பக்கமும் கலந்துடும். சந்துல கலந்து போக இடமே இல்லை. மேலே வானம் தெரிஞ்சாலும், ரெண்டு சுவருக்கு நடுவுல அது பாதி ரூம் மாதிரிதான்.

2024 டிசம்பர்ல கேரளாவோட வடகரையில, ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தது ஞாபகம் இருக்கா? வண்டியோட ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்திருக்குன்னு கோழிக்கோடு என்.ஐ.டி. குழு அதே வண்டியில சோதனை பண்ணிச் சொன்னாங்க. அமெரிக்காவுல 2020 ஆகஸ்ட்ல லாரா புயல் அடிச்சப்போ, லூசியானாவுல முதல்ல பதிவான சாவுகள்ல பாதிக்கு மேல ஜெனரேட்டர் புகையால. புயல்ல தப்பிச்சவங்க அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள இறந்திருக்காங்க. அந்த நாட்டோட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்ற தூரம் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். புகைக்குழாய் கதவு, ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது.

மாமா கிட்ட இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவ்ளோ தூரம் வச்சா கரண்ட் குறையாதா?" நியாயமான கேள்வி. பலரும் ஜெனரேட்டரை ஜன்னல் கிட்ட வைக்கிறதுக்குக் காரணமே ஒயர்தான். கணக்கு போட்டுப் பார்த்தோம். 2 கேவிஏன்னா, 230 வோல்ட்ல சுமார் 8.7 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் 15 மீட்டர், போய் வர 30 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.22 ஓம். இழப்பு 2 வோல்ட்டுக்கும் கீழே. ஃபேனுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து ஜன்னலைப் பார்த்தேன். ஒயர் உள்ளே வரணும்னு அதை லேசா திறந்து வச்சிருந்தாங்க. கரண்ட் வந்த அதே வழியாத்தான் புகையும் வந்திருக்கு! சுவர்ல ஓட்டை போட்டு ஒயரை விட்டு, சுத்தி அடைச்சு, சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியா எலக்ட்ரீஷியனை வச்சு இணைக்கணும். ப்ளக்குல சொருகி வீட்டு லைனுக்குள்ள கரண்ட் அனுப்பற வேலை வேண்டவே வேண்டாம். அது தெருக் கம்பத்துக்குத் திரும்பிப் போய், மேலே வேலை செய்யற லைன்மேனைக் கொல்லும்.

காத்து திசையைப் பத்தியும் கேட்டார். ஐப்பசி, கார்த்திகையில மழையோட காத்து பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், அதனால அந்தப் பக்கம் வைக்காம இருந்தா நல்லது. ஆனா புயல்ல காத்து திசை மாறிக்கிட்டே இருக்கும். தூரத்தைத்தான் நம்பணும். மழைக்குப் பயந்து போர்ட்டிகோவுக்குள்ள இழுக்காதீங்க. மேலே தகரம், நாலு பக்கமும் திறந்த இடம், கீழே தண்ணி தேங்காத மேடை போதும். பெட்ரோல் ஊத்தும்போது இன்ஜின் ஆறியிருக்கணும்.

அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. டீசல் செட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு கணக்கு வச்சிருக்கு: கட்டட உயரத்தோட, கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2 ஆல பெருக்கிக் கூட்டணும். 25 கேவிஏன்னா கட்டடத்துக்கு மேல இன்னும் 1 மீட்டர் குழாய். சவுண்ட் ப்ரூஃப் பெட்டி சத்தத்தைத்தான் குறைக்கும், புகையை இல்லை. உங்க செட்டோட குழாய் முதல் மாடி பால்கனி உயரத்துலயே நின்னுடுச்சான்னு இன்னைக்கே பாருங்க.

சந்தேகம் வந்தா எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்க. ஜெனரேட்டர் ஓடிச்சுன்னு டாக்டர் கிட்ட சொல்லுங்க. கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டரை இதுக்கு நம்பாதீங்க. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 காட்டும்.

மாமா இப்போ பின்பக்கம், புளிய மரத்துக்குக் கிட்ட மேடை கட்டியிருக்கார். மழையில குடை பிடிச்சுட்டுப் போய் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்குன்னு போன்ல திட்டறார்.