நாரி வலிக்கு இன்னொரு குளிசை வாங்குமுன்

சிறுநீரக நோய் என்றதும் நம் நினைவு அநுராதபுரத்து வயல்களுக்குப் போகிறது. கொம்பனித்தெருவில் காலம் முழுக்கச் சுமை தூக்கியவர்களையும் கடையில் நின்றே உழைத்தவர்களையும் யாரும் நினைப்பதில்லை. அறுபது தாண்டினால் இவர்களில் பலருக்கு நாரி வலி. பார்மசியில் கேட்டால், துண்டு இல்லாமலே டைக்ளோபெனாக் பல இடங்களில் கிடைத்துவிடுகிறது. வலி அடங்கும், திரும்பும், மறுபடி அதே குளிசை. என் பயமெல்லாம் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

விடாத நாரி வலி சிலருக்கு மைலோமா என்ற குருதிப் புற்றுநோயின் முதல் அறிகுறி. என்புமச்சையில் பிளாஸ்மா கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகி எலும்பை அரிக்கின்றன. அவை சுரக்கும் ஒருவகைச் சிறு புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உறைந்து, வடிகானில் கொழுப்பு அடைப்பதுபோல் அடைத்துக்கொள்கிறது. எலும்பிலிருந்து கரையும் கல்சியமும் உடலின் நீரை வற்றவைக்கிறது. இந்த நிலையில் வலிக்குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைத்தால், சில நாட்களிலேயே டயலிசிஸ் வரை போகலாம். மைலோமா கண்டுபிடிக்கப்படும்போதே ஐந்தில் ஒருவருக்கேனும் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது.

லண்டன் வைத்தியர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் இந்தப் புரதத்தை 1840களிலேயே ஒரு மளிகைக் கடைக்காரரின் சிறுநீரில் கண்டு எழுதினார். இன்றும் அது கண்ணில் படாமல் தப்புகிறது. சிறுநீரில் பட்டியைத் தோய்த்துப் பார்க்கும் சோதனை முக்கியமாக அல்புமினைத்தான் காட்டும். இரத்தச்சோகையைக் கண்டாலும் பழி சிறுநீரகத்தின் மேலேயே விழுகிறது.

நாரி வலி பெரும்பாலும் தேய்மானத்தால்தான் வருகிறது, வீணாகப் பயமுறுத்தக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் பிந்திப்போனவருக்கு அந்த ஆறுதல் உதவாது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் போன்ற மருந்துகளை நேரத்தோடு தொடங்கினால், டயலிசிஸிலிருந்து மீண்டு வருபவர்களும் உண்டு. மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி நமக்கு எட்டாத தூரமல்ல. அங்கே போகவேண்டும் என்று தெரிவதற்குள் மாதங்கள் போய்விடுவதுதான் கொடுமை.

வீட்டில் வயதானவர் ஒரு மாதத்துக்கு மேல் நாரி வலி என்கிறாரா? களைப்பும் சேர்ந்திருக்கிறதா? குளிசையை நிறுத்தி வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். ஹீமோகுளோபின், கல்சியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். மைலோமாவுக்கான இரத்தப் புரதச் சோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.