இருபதாயிரத்துக்குள் ஒரு பாம்பன் பாலம்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு வண்ண விளக்கு எரிய, விசிறிகள் சுழல, மேஜைமேல் தேர் மாதிரி நிற்கும் கம்ப்யூட்டர்களை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்து ஏங்கியிருக்கிறோம். 'தீம் பி.சி.' என்று அதற்குப் பெயர். ஒருவர் விண்கலம் மாதிரி செய்திருப்பார், இன்னொருவர் பழைய வால்வு ரேடியோ மாதிரி. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். "இதெல்லாம் பணக்காரப் பசங்க சமாசாரம்டா" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

நண்பர்களே, நான் சொல்ல வருவது வேறு. ஒரு தீம் பி.சி.யில் பணம் கேட்பது உள்ளே இருக்கிற பாகங்கள். வெளியே தெரிகிற அழகு முக்கால்வாசி கைவேலைதான். அந்தக் கைவேலையை நமக்கு முதலாண்டு ஒர்க்ஷாப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அரம் பிடிக்கத் தெரியும், ரம்பம் போடத் தெரியும், தகட்டை மடிக்கத் தெரியும். வேறென்ன வேண்டும்?

2025 கோடை விடுமுறையில் நானும், சிவில் படிக்கும் நண்பனும், ஈ.சி.ஈ. நண்பனும் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தோம். கையிலிருந்தது அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கணக்கை இங்கே விவரமாகச் சொல்கிறேன். செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

ஏன் பாம்பன்?

தீம் என்பது பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் அல்ல, அது மெஷினுக்கு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும் என்பது நாங்கள் மூவரும் போட்டுக்கொண்ட நிபந்தனை. நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது தூசி. மேல்பக்கம் திறந்திருந்தால் சூடு வெளியேறும், தூசி உள்ளே போகும். மூடியிருந்தால் தூசி வராது, சூடு தங்கிவிடும். அப்படியானால் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். "கப்பல் வந்தா திறக்கும், ரயில் வந்தா மூடும்... பாம்பன் பாலம்டா!" என்றான் சிவில் நண்பன். தீம் முடிவாகிவிட்டது.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்தபோது, ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் மீண்டும் ரயில் ஓடச் செய்தார். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. புதியதில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும். பழையதில் இரண்டு கைகள் இரு பக்கமும் விரிந்து உயரும். எங்களுக்கு வேண்டியது பழையதுதான்.

பணம் எங்கே போக வேண்டும்?

முதலில் நம் வேலை என்ன என்று தெளிவாகிக்கொள்ள வேண்டும். கேட் டிராயிங், சி புரோகிராம், புராஜெக்ட் ரிப்போர்ட், கொஞ்சம் வீடியோ. இதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. பிராசசருக்குள் இருப்பதே போதும்.

பழைய மெஷின் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் பிராண்டட் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பலவற்றின் மதர்போர்டு தனி அளவு, தனி கனெக்டர். வேறு பெட்டியில் ஏறாது, கடையில் விற்கும் சப்ளையும் சேராது. அந்த மெஷினை அப்படியே மேஜையில் வைத்துக்கொள்வதானால் நல்ல சரக்குதான். பெட்டியை மாற்றப் போகிறோம் என்றால் ஸ்டாண்டர்டு அளவுள்ள அசெம்பிள்டு மெஷினாகத் தேட வேண்டும். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்றால் போர்டு 244 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும். திருகு ஓட்டைகள் எல்லாக் கம்பெனியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். மூடப்போகும் ஒரு பிரௌசிங் சென்டரில் எங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. எட்டாம் தலைமுறை ஐ5, ஆறு கோர். மீதியை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துக்கொண்டோம்.

கணக்கு இதோ:

பழைய மதர்போர்டு, பிராசசர், 8 ஜி.பி. ராம் – ரூ. 9,800
பவர் சப்ளை (புதியது) – ரூ. 3,000
500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (புதியது) – ரூ. 2,900
இன்னொரு 8 ஜி.பி. ராம் (பழையது) – ரூ. 1,100
காயலான் கடை கேபினட் – ரூ. 300
விசிறிகள் இரண்டு – ரூ. 700
பிளைவுட், தகடு, அலுமினியப் பட்டை, பெயின்ட் – ரூ. 1,350
எல்.ஈ.டி., ஒயர், ஸ்விட்ச் – ரூ. 150
கீபோர்டு, மவுஸ் – ரூ. 600
மொத்தம் – ரூ. 19,900

மானிட்டர் இதில் இல்லை, வீட்டு டி.வி.தான் மானிட்டர். இன்னொன்று: இவை நாங்கள் வாங்கியபோது இருந்த விலை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. எனவே ராமோடு சேர்ந்து வரும் பழைய மெஷின் கிடைத்தால் விடாதீர்கள்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஊரே பார்த்து வியக்கிற பாலத்துக்கு ஆனது, விளக்கையும் சேர்த்து, 1,500 ரூபாய். யார் கண்ணுக்கும் தெரியாத பவர் சப்ளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

கண்ணுக்குத் தெரியாத பெட்டி

ஒரு கடைக்காரர் சொன்னார்: "தம்பி, சப்ளைல என்ன இருக்கு? அறுநூறு ரூபாய்க்கு 450 வாட் தர்றேன். மிச்சக் காசுல கண்ணாடி கேபினட் எடுத்துக்கோ, கலர் கலரா எரியும்."

"லேபிளைக் காட்டுங்கண்ணே" என்றேன்.

பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை நம்பக் கூடாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிராசசர் பிரதானமாக இழுப்பது அதிலிருந்துதான். அவர் காட்டியதில் 14 ஆம்பியர். 12 × 14 = 168 வாட். அப்புறம் 450 எங்கிருந்து வந்தது? நாங்கள் வாங்கியதில் 36 ஆம்பியர், அதாவது 432 வாட். எங்கள் பிராசசருக்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 150-ஐத் தாண்டாது. வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கிறது. பின்னால் கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும்.

மட்டமான சப்ளை தானாகப் போவதோடு நிற்காது. போகும்போது மதர்போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகலாம். சீட்டுப் பணம் போனது போனதுதான்.

தீமுக்காக சப்ளையைக் கழற்றி உள்ளே கை வைக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யை நேர் மின்னாக்கினால் உச்சம் 230 × 1.414, ஏறக்குறைய 325 வோல்ட். அது உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கக் கூடும். வெளியே பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால்கூட மறைப்புத் தகடு வைத்து அந்தத் தகட்டுக்கு அடியுங்கள்.

எர்த் மிக முக்கியம். பல வீடுகளில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கும். காரணம், சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பெட்டி மெயின்ஸின் பாதி வோல்டேஜில் தொங்கும். கரண்ட் கொஞ்சம்தான். ஆனால் என்றாவது உள்ளே இன்சுலேஷன் போனால் முழுதாக வரும். எனவே மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டி இரண்டு பின் பாயின்டில் செருகும் பழக்கம் கூடவே கூடாது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள், பிறகு தீம்.

பெட்டி வேலை

முழுப் பெட்டியையும் மரத்தில் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் காயலான் கடை இரும்புச் சட்டத்தில் மதர்போர்டு ஓட்டைகள், சப்ளை உட்காரும் இடம், எர்த் தொடர்ச்சி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. 300 ரூபாய்க்கு இத்தனை கிடைக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்? அதை வைத்துக்கொண்டு மேல்மூடியை மட்டும் வெட்டினோம். வெளிப்புறம் பிளைவுட் தூண்கள். அதன்மேல் அலுமினியப் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் ரிவெட் அடித்துப் பாலத்தின் கிராதி.

120 மி.மீ. விசிறிக்குத் திருகு ஓட்டைகளின் இடைவெளி 105 மி.மீ. சென்டர் பஞ்ச் அடித்துவிட்டு டிரில் போட்டால் ஓட்டை நகராது. வெட்டிய விளிம்பை எல்லாம் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் கையும் கிழியும், ஒயரும் கிழியும். எல்லா இரும்பு வேலையும் முடிந்து, தூளைத் துடைத்து, பெயின்ட் காய்ந்த பிறகே மதர்போர்டைக் கொண்டுவர வேண்டும். ஒரு இரும்புத் தூள் இரண்டு பின்களுக்கு நடுவே உட்கார்ந்தால் போர்டு காலி.

திறக்கும் கைகள்

பாம்பன் பாலத்தின் கைகள் சாதாரணக் கதவு மாதிரி கீலில் திரும்புவதில்லை. இந்த வகைக்கு ஷெர்சர் உருளும் பாலம் என்று பெயர். கையின் அடிப்பகுதி வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைந்திருக்கும். அது தட்டையான பாதையில் பின்னோக்கி உருளும், குழந்தைகள் ஆடும் மரக்குதிரையின் கால் மாதிரி. உருளும்போது கை உயர்வதோடு பின்னாலும் நகர்கிறது. வழுக்காமலிருக்கப் பாதையில் பற்கள் இருக்கும். நாங்கள் பல் வெட்டவில்லை. வளைவின் அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினோம், நன்றாகப் பிடிக்கிறது.

இத்தனை எடையுள்ள கையைப் பாம்பனில் மோட்டார் இல்லாமல் ஆட்களே நெம்புகோல் பிடித்துத் திறந்தார்கள். ரகசியம் எதிர் எடை. நம் அப்ளைடு மெக்கானிக்ஸ்தான். எங்கள் கை ஒவ்வொன்றும் 200 கிராம். அதன் எடைமையம் வளைவின் மையத்திலிருந்து 100 மி.மீ. முன்னால் இருக்கிறது. எதிர் எடை வைக்க 40 மி.மீ. பின்னால்தான் இடம். 200 × 100 ÷ 40 = 500 கிராம். கழித்துப்போட்ட நட்டு போல்ட்டை அந்த எடைக்கு நிறுத்து, சிறு தகரப் பெட்டியில் போட்டு மூடி ரிவெட் அடித்தோம். மூடாமல் விட்டால் ஒரு நட்டு நழுவி நேராக மதர்போர்டில் விழும். இப்போது ஒரு விரலால் தொட்டால் பாலம் திறக்கிறது.

"சின்ன சர்வோ மோட்டார் போட்டா தானாத் திறக்குமே" என்று ஈ.சி.ஈ. நண்பன் ஆசைப்பட்டான். பாம்பனிலேயே கையால்தான் திறந்தார்கள் என்று சொல்லி அவனை அடக்கினேன். காசும் மிச்சம்.

காற்றும் பல்லியும்

ஒரு விசிறி முன்பக்கம் கீழே, காற்றை உள்ளே தள்ளும். இன்னொன்று மேலே பாலத்துக்கு அடியில், வெளியே தள்ளும். சூடான காற்று மேலே போகத்தான் விரும்பும். அதை எதிர்த்து விசிறியைத் திருப்பி வைக்காதீர்கள். இரண்டு வாயிலிலும் நைலான் கொசுவலை ஒட்டினோம், தூசிக்கும் பல்லிக்கும். பல்லி சிரிப்பு விஷயமில்லை. சூடான இடம் தேடி வந்து சப்ளைக்குள் புகுந்தால் அதுவும் போகும், சப்ளையும் போகும்.

பிராசசருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். பிறகு பிற்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வீடியோவை மாற்றும் வேலை கொடுத்துப் பார்த்தோம். பாலம் மூடியிருந்தபோது 78 டிகிரி. திறந்தபோது 69. ஒன்பது டிகிரி குறைந்தது, அதுவும் மின்செலவில்லாமல். தீம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விளக்கு

ஆசைக்குக் கொஞ்சம் விளக்கு வேண்டாமா? 12 வோல்ட்டில் மூன்று வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராகப் போட்டால் 9 வோல்ட் அவற்றுக்கு. மீதி 3 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 150 ஓம் ரெசிஸ்டர். தூண் விளக்கு தயார். நிறம் மாறும் பட்டை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மதர்போர்டில் 3 பின் கனெக்டர் 5 வோல்ட், 4 பின் கனெக்டர் 12 வோல்ட். 5 வோல்ட் பட்டையை 12-ல் கொடுத்தால் முதல் நாளே தீபாவளி.

சாஃப்ட்வேர்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது, டி.பி.எம். 2.0-வும் வேண்டும். பழைய மெஷின் வாங்குமுன் இதைப் பாருங்கள். அதற்கும் பழையது மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் போடலாம். இலவசமான ஃப்ரீகேட் அதில் நன்றாகவே ஓடும்.

கடைசியாக ஒன்று

எல்லோரும் பாம்பன் பாலமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. டெக்ஸ்டைல் நண்பர்கள் தறி மாதிரி செய்யலாம், பாவு நூல் வரிசையைப் போல ஒயர்களை இழுத்துக் கட்டலாம். ஆட்டோமொபைல்காரர்கள் பழைய லாரி ரேடியேட்டர் கிரில்லை முன்பக்கம் மாட்டினால் காற்று வழிக்குக் காற்று வழி, அழகுக்கு அழகு. எதைச் செய்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் எர்த், அடுத்து சப்ளை, பிறகு போர்டு, அதன்பின் காற்று, கடைசியில் அழகு. அழகுக்கு மட்டும் காசு போதவில்லை என்றால் கவலை வேண்டாம். காயலான் கடையும் ஒரு அரமும் பத்து நாள் லீவும் இருந்தால் போதும்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்