கண்ணால் பார்க்காத செம்பெயர்ச்சி

கோடை விடுமுறை ஆய்வுத் திட்டங்களில் விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. செலவில்லை, ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையில் ஸ்லோன் தொலைநோக்கி பதிந்து வைத்த லட்சக்கணக்கான நிறமாலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு லேப்டாப்பும் எட்டு வாரமும் போதும்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வுக்கூடத்தில் 6,563 ஆங்ஸ்ட்ராமில் விழும். ஒரு திரளின் நிறமாலையில் அது 6,891-ல் நிற்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 328. அதை 6,563-ஆல் வகுத்தால் 0.05, அதுதான் செம்பெயர்ச்சி. ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு 15,000 கிலோமீட்டர். தொலைவு சுமார் 70 கோடி ஒளியாண்டு. கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால், அந்தக் கோடு ஹைட்ரஜன்தானா? அதன் இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். 5,577-ல் பளிச்சென்று தெரிவதோ நம் தலைக்கு மேலுள்ள காற்றின் ஆக்சிஜன் ஒளி. அதைத் தூரத்துத் திரளின் தலையில் கட்டினாலும் வகுத்தல் சரியாகவே வரும், விடைதான் தப்பு.

இந்தச் சந்தேகமே இன்றைய மாணவருக்கு வருவதில்லை. கணினி கணித்த எண் அட்டவணையில் தயாராக இருக்கிறது. பக்கத்திலேயே 'இதை நம்பாதே' என்று எச்சரிக்கும் குறியீட்டுக்கும் ஒரு பத்தி உண்டு. அதை யார் பார்க்கிறார்கள்? எண்ணை உருவி வரைபடம் போட்டு, நேர்கோடு வந்ததும் அறிக்கையை முடித்துவிடலாம். ஒரு நிறமாலையைக்கூடத் திறந்து பார்க்காமலே!

1980-களின் நடுவில் வலேரி டி லாப்பரென்ட் என்ற ஆராய்ச்சி மாணவிக்கு இந்த வசதி இல்லை. மார்கரெட் கெல்லர், ஜான் ஹக்ரா ஆகியோருடன் சேர்ந்து, அரிசோனாவில் 1.5 மீட்டர் தொலைநோக்கியால் ஒவ்வொரு திரளாக அளந்த வேலை அது. வானத்தின் ஒரே ஒரு கீற்றில் சுமார் 1,100 திரள்கள். புள்ளிகளை வைத்துப் பார்த்தால், பெரிய பெரிய வெற்றிடங்கள். அவற்றின் விளிம்புகளில் திரள்கள். நடுவே கைகால் விரித்து நிற்கும் குச்சி மனிதன் போல ஓர் உருவம்! 1986-ல் வெளியான அந்தப் படம், பிரபஞ்சத்தில் திரள்கள் சீராகத் தூவிக் கிடக்கின்றன என்ற எண்ணத்தை ஆட்டம் காண வைத்தது.

கோடிக்கணக்கான நிறமாலைகளுக்குக் கணினியை விட்டால் வேறு வழியில்லை என்பார்கள். உண்மைதான், அரிசோனாவின் கிட் பீக் மலைத் தொலைநோக்கியில் இன்று திரள்களின் ஒளியை வாங்கும் 5,000 கண்ணாடி இழைகளை ரோபோக்களே நகர்த்துகின்றன. ஆனால், ரோபோ கற்றுக்கொள்ள வந்த மாணவர் இல்லையே.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரம் அட்டவணையைப் பூட்டி வையுங்கள். ஐம்பது நிறமாலைகளைக் கொடுத்து, கோடுகளை மாணவர்களையே அடையாளம் காணச் சொல்லுங்கள்.