குற்றாலத்தில் ஒரு விசில்!

குற்றாலத்தில் அருவிக் குளியலுக்குக் காசு கிடையாது. கால்வலி மட்டும் உண்டு! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரல் நன்றாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவிக்குப் போய்ப் பாருங்கள். எண்ணெய் தேய்த்த முதுகுகளாக நீளுகிறது வரிசை. போன சீஸனில் எனக்கு முன்னால் நின்ற தென்காசி அண்ணாச்சியின் தலை எண்ணெய், காது வழியே இறங்கி வேட்டி வரைக்கும் வந்தாச்சு. அருவிதான் கிட்டே வரக் காணோம்.

ஒருவழியாகத் தலையை நீட்டப் போனால்... விசில்! "எல்லாரும் வெளிய வாங்க!" எனக்குச் சுள்ளென்று கோபம். அண்ணாச்சியோ, "விசில் ஊதுதாங்கன்னா மேல மழ பேயிதுன்னு அர்த்தம், தம்பி" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

விஷயம் அதுதான். கீழே பளீரென்று வெயில் அடிக்கும். மலைமேல் கொட்டிய மழை கல்லையும் கட்டையையும் இழுத்துக்கொண்டு இறங்கும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் அங்கே நிற்கவே கூடாது. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம், 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று, கிரிக்கெட் வெற்றி விழாவுக்காகச் சின்னசாமி ஸ்டேடிய வாசலில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் பலி. அங்கே வெள்ளமாக வந்தது ஜனங்கள்தான்.

ஆகவே, விசில் ஊதட்டும். நான் கேட்பது ஒன்றுதான். எந்த அருவியில் தடை, எப்போதிலிருந்து என்று தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கலாமே! ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பி வருகிற ஆபீஸ்காரர்கள், எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னாலேயே பிரானூர் பார்டர் பக்கம் பரோட்டாவுக்குப் போய்விடுவோம்.