வெயில் காலத்துக்கு ஏற்ற பூட்ஸ்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். நிழல் போய்விடும், பாலும் குறைந்துவிடும். கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டங்களில் அந்த நாட்களின் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்தச் சமயத்தில்தான் நம்மவர்கள் பலர் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு ஜப்பான் சிலிப்பரோடு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், "மழைக்குத்தானே பூட்ஸ்? இந்த வெயிலில் போட்டால் கால் வெந்து போகும்" என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அளவு சரியில்லாத, கனத்த பூட்ஸில் ஐந்தாறு மணி நேரம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஆனால் கழற்றிப் போட்ட பூட்ஸ், எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், காலைக் காக்காது அல்லவா? ஆகவே பூட்ஸ் வாங்கும்போது உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. வெயிலிலும் போட்டுக்கொள்ள முடியுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலடியில் காத்திருப்பவை

வெயில் காலத்தில் காலுக்கு ஆபத்து குறைவு என்று நினைப்பது தவறு. உதிர்ந்த இலைகள் தரையை மூடிக் கிடக்கும்போதுதான் குழிவிரியன் பாம்பு கண்ணுக்குத் தெரியாது. வடக்கு மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களில் இது உண்டு. மலாய்க்காரர்கள் இதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் மடையன். ஆள் வருவதைக் கண்டு விலகி ஓடாமல் அசையாமல் கிடப்பதால்தானோ என்னவோ அந்தப் பெயர்! பினாங்குப் பொது மருத்துவமனையில் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், பாம்புக் கடிபட்டு வந்தவர்களை ஆராய்ந்து எழுதினார். கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியுமே இருந்தன. கனமான ரப்பர் பூட்ஸ் எல்லாக் கடியையும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறுங்காலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உயிருக்கும் ஆபத்துக்கும் உள்ள வித்தியாசமாகவே இருக்கலாம். (கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம், காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.)

கொக்கிப் புழுவை நம் பாட்டிமார் நன்றாக அறிவார்கள். ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அந்நாளில் தோட்டத்துப் பெண்களும் பிள்ளைகளும் சோகை பிடித்து வெளிறிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கால்வாய் நீரிலும் சேற்றிலும் கலக்கும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் காலிலுள்ள சின்னக் கீறல் வழியாகத்தான் நுழைகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மெலியோய்டோசிஸ் என்ற நோய்க்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இரு டாக்டர்கள், ஆண்டு 1921. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது. நல்ல மழைக்குப் பிறகு அதிகம் தொற்றும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கும். இந்நாட்டில் இனிப்பு நீர் நம் இந்தியர்களிடையே அதிகம் என்று சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த நோய் முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும். பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் கிடந்து நாள் முழுவதும் உரசினாலும் தெரியாது. மாலையில் கழற்றும்போதுதான் காலுறையில் இரத்தம் தெரியும். அந்தப் புண் ஆறாமல் போய் விரலையும், பிறகு காலையுமே எடுக்க நேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! வீட்டில் இனிப்பு நீர்க்காரர் இருந்தால் காலையில் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்கவும், மாலையில் அவருடைய பாதத்தை விரல் இடுக்கு உட்பட பார்க்கவும் ஓர் ஆளை ஏற்படுத்துங்கள். பேரப் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

வேலைக்கு ஏற்றது எது?

பால் வெட்டுபவர்கள் விரும்பிப் போடுவது 'கம்போங் அடிடாஸ்' என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. விலை மலிவு, கனமில்லை, நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். அடியில் உள்ள குமிழ்கள் சரிவான நிலத்தில் வழுக்காமல் பிடிக்கும். மலையேறப் போகும் பட்டணத்துக்காரர்களும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் கணுக்காலுக்கு அது மறைப்பல்ல. புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் நிரைகளில், முழங்கால் வரை வரும் தடித்த காலுறையோடு போட்டால் போதும். புதர் மண்டிய காட்டிலோ, பாம்பு நடமாடும் இடத்திலோ அதை நம்பக் கூடாது. பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுபவர்களுக்கும் அது ஆகாது. தெறித்தால் புறங்காலில் நேரே படும். இவர்களுக்கெல்லாம் கெண்டைக்கால் பாதிவரை வரும் ரப்பர் பூட்ஸே ஏற்றது.

செம்பனையில் கதை வேறு. அங்கே எதிரி முள். வெட்டி அடுக்கிய மட்டையின் முள் மெல்லிய அடித்தோலைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். முறிந்த நுனி மூட்டுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டால் மாதக் கணக்கில் வீங்கும். குலை வெட்டுபவர்கள் அடியில் எஃகுத் தகடும் முன்னால் இரும்பு மூக்கும் உள்ள பூட்ஸ் போடுவதே நல்லது. பதினைந்து, இருபது கிலோ குலை உயரத்திலிருந்து விழும் இடமல்லவா? கனம் கூடத்தான், மறுக்கவில்லை. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கோ முழங்கால் உயரப் பூட்ஸ் தண்டனை. குந்தும்போதெல்லாம் அதன் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுக்கும். உயரம் குறைந்ததாக, ஆனால் அடித்தோல் தடித்ததாகப் பாருங்கள்.

மருந்தடிப்பவர்கள் தோல் பூட்ஸைத் தொடவே கூடாது. தோல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை கழுவினாலும் போகாது. உயரமான ரப்பர் அல்லது பிவிசி பூட்ஸைப் போட்டு, சிலுவாரின் காலைப் பூட்ஸுக்கு வெளியே விட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே செருகினால் வடியும் மருந்து நேரே காலுக்குப் போகும். அட்டைக்கும் பூச்சிக்கும் பயந்து செருகிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை.

கால் வேகாமல் இருக்க

பூட்ஸுக்குள் காலை வாட்டுவது சூடு மட்டுமல்ல, வெளியே போக வழியில்லாத வியர்வை. ஈரத்தில் ஊறிய தோல்தான் உரிகிறது. சேற்றுப்புண்ணும் அங்கேதான் வருகிறது. பையில் இன்னொரு ஜோடிக் காலுறை வைத்திருங்கள். தேநீர் குடிக்க உட்காரும்போது பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, காலுறையை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்த ஒன்றைச் செய்தாலே "போட முடியவில்லை" என்ற புகாரில் பாதி போய்விடும். வெட்டவெளியில் வேலை என்றால் கறுப்பைவிட வெள்ளை, மஞ்சள் பூட்ஸ் சூடு குறைவு. மேல்வாய் கொஞ்சம் அகலமாக இருந்தால் நடக்கும்போது காற்று உள்ளே போய்வரும். உள் மெத்தை தனியே எடுத்துக் கழுவிக் காயவைக்கும்படி இருப்பது நல்லது.

வாங்குவதற்கு மாலை நேரமே சரியானது. நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். வேலைக்குப் போடும் காலுறையையும் கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நாலு எட்டு நடந்து, ஒரு முறை குந்தி எழுந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் தூக்கித் தூக்கி விழக் கூடாது. பூட்ஸின் நடுப்பகுதியை மடித்து விடுங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து நின்றால் அது சீக்கிரம் வெடிக்கும். பசார் மாலாமில் குவித்து விற்கும் மலிவுச் சரக்கில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பெண்களின் நிலைமைதான் மோசம். ஆண்கள் அளவில் வந்ததையே வாங்கி, முன்னால் துணியைத் திணித்துப் போட்டுக்கொள்கிறார்கள். கொப்புளமும் வரும், சரிவில் தடுக்கியும் விழுவார்கள். ஆர்டர் கொடுத்தால் சிறிய அளவை வரவழைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரரும் தட்டமாட்டார்.

கேட்கும்போது கடைக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது தொழிலாளியின் கடமை என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அளவு பொருந்தாத பூட்ஸைக் கொடுத்தால் பேசாமல் வாங்கி மூலையில் போடாதீர்கள். மாற்றிக் கேளுங்கள், தேவைப்பட்டால் சங்கப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழுவி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். அடுப்போரமும் நண்பகல் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் இரவுக்குள் ஈரத்தை இழுத்துவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுவதும் காயும். அடிப்பள்ளம் தேய்ந்து வழவழப்பானாலோ, மடிப்பில் கீறல் விட்டாலோ அதைக் காட்டு வேலைக்குப் போடாதீர்கள். ஒட்டுப் போட்டுக் கோழிக் கொட்டகை கழுவ வைத்துக்கொள்ளலாம்.