மறைந்த நகரின் இரும்பு

1916-ஆம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்தின் சோம் போர்க்களத்தில், பதுங்குகுழிகளில் பரவிய காய்ச்சலுக்கு ஆளாகி இங்கிலாந்து திரும்பிய ஜே. ஆர். ஆர். டோல்கியன் என்னும் இளம் ராணுவ அதிகாரி, நோய்விடுப்பில் கழித்த மாதங்களில், தாம் பின்னாளில் விஸ்தாரமாகச் சிருஷ்டித்த கற்பனை உலகின் ஆதிக் கதைகளுள் ஒன்றாக, கோண்டோலின் என்ற நகரத்தின் வீழ்ச்சியை எழுதினார். அந்நகரம் எழுந்த வரலாற்றை அவர் விரித்தெழுதியது அதற்குப் பின்னர்தான்.

அது எல்ஃப்களின் நகரம். மூப்பும் பிணியும் அறியாத அந்தக் குலத்தில் நோல்டோர் என்ற பிரிவினர், தங்கள் ஒப்பற்ற மணிகளைக் கவர்ந்து சென்ற மோர்கோத் என்னும் அசுரனைத் தொடர்ந்து, மேற்கே தெய்வங்களின் பூமியை விட்டுப் பனிக்கடலைக் கடந்து வந்தவர்கள். அப்பனியிலே மனைவியைப் பறிகொடுத்த அரசன் துர்கோனுக்கு ஜலதேவனான உல்மோ, மலைகள் வளையமாகச் சூழ்ந்து நிற்கும் தும்லாடென் பள்ளத்தாக்கைக் காட்டியருளினான். அதன் நடுவே இருந்த குன்றின்மேல், தான் பிரிந்து வந்த தீரியோன் நகரின் நினைவு மாறாதிருக்கும்படி, 52 ஆண்டுகள் இரகசியமாகப் பாடுபட்டு, வெண்ணிற மாளிகைகளும் நீரூற்றுகளும் பொன்னாலும் வெள்ளியாலும் சமைத்த இரு மரங்களும் கொண்ட ஒரு நகரை அவன் ஸ்தாபித்தான்.

ராஜ்ய பரிபாலனம் முழுவதும் ஒரே சட்டத்தின் மேல் நின்றது: உள்ளே வந்தவன் வெளியே போகலாகாது. அரசனுக்கு ஆலோசனைச் சபை உண்டு; டோல்கியன் முதலில் எழுதிய பழைய கதையின்படி, தனித்தனிச் சின்னமும் தலைவனும் உடைய குலங்களும் உண்டு; ஆனால் இச்சட்டத்துக்கு முன் இவை யாவும் இரண்டாம் பட்சமே. அரசனின் சகோதரி அரேதெலின் கணவன் ஏயோல், மனைவியையும் மகனையும் தேடி உள்ளே புகுந்தபோது, இங்கேயே வாழ்வது அல்லது இங்கேயே மாள்வது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி தீர்ப்பாயிற்று. அவன் மகனைக் கொல்ல எறிந்த ஈட்டி, குறுக்கே பாய்ந்த தாயின் உயிரைக் குடித்தது. அவனும் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டான். அந்த மகன்தான் மைக்லின்.

நகரின் பொருளாதாரத்தை நான் வியப்போடு நினைப்பதுண்டு. வாணிபம் என்றால் போக்குவரத்து. போக்குவரத்து என்றால் பாதை. பாதை தெரிந்தால் பகைவன் வருவான். ஆகையால் வெளிவாணிபத்துக்கு அங்கே இடமேயில்லை. பழைய கதையிலே பெரிய சந்தை ஒன்று வருகிறதென்றாலும், அது ஊரார் ஊராருக்குள்ளேயே கொடுத்து வாங்கிய சந்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பசும்புல் இருந்தது, சுனைநீர் இருந்தது, கல்லைக் கவியாக்கும் கைத்திறன் இருந்தது. ஆனால் வாளுக்கும் கவசத்துக்கும், மரம், கல், வெண்கலம், இரும்பு, வெள்ளி, பொன், எஃகு என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்ற ஏழு வாயில்களுக்கும், உலோகம் வேண்டுமே! சூழ்மலைகளின் வடபுறத்தில் அங்ஹபார் என்ற இரும்புச் சுரங்கத்தைக் கண்டு, எஃகின் உறுதியை முன்னிலும் வளர்த்தவன் மைக்லின். கோண்டோலினின் வாள்கள் எத்தகையவை என்பதை, 1937-இல் வெளியான ‘ஹாபிட்’ நாவலில், பல ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் கூர் மழுங்காமல் பூதங்களின் குகையிலிருந்து கிடைக்கும் இரு வாள்களைக் கொண்டே வாசகர் அறியலாம்.

உள்ளேயே எல்லாம் கிடைக்கும் என்று நம்பிய ஊர், தன் நாசத்தைத் தேடிக்கொண்டது இந்த உலோக மார்க்கத்தில்தான். உல்மோவின் தூதனாக வந்த துவோர் என்ற மானிடன், நகரைத் துறந்து கடலை நோக்கிச் செல்லும்படி எச்சரித்தும், தன் கைகள் படைத்த அழகின்மேல் கொண்ட பற்றினால் துர்கோன் அசையவில்லை. அரசகுமாரி இட்ரிலைத் துவோர் மணந்தான். நம் வழக்கில் அத்தை மகனான மைக்லினுக்கே அவள் முறைப்பெண். எல்ஃப்களுக்கோ அது விலக்கப்பட்ட உறவு. அந்தத் தாபத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, அரசாணையை மீறி மலைக்கு அப்பாலும் கனிமம் தேடிச் சென்ற மைக்லின், ஒருநாள் மோர்கோத்தின் சேனையிடம் அகப்பட்டான். சித்திரவதைக்கு அஞ்சியும், நகரின் ஆட்சியும் இட்ரிலும் தனக்கே கிட்டும் என்ற வாக்குறுதியில் மயங்கியும், நூற்றாண்டுகளாகக் காத்த இரகசியத்தைச் சொல்லிவிட்டான். முதல் யுகத்தின் 510-ஆம் ஆண்டில், கோடை விழாவின் விடியலை வரவேற்க மக்கள் மதில்மேல் காத்து நின்றபோது, வடமலைகளில் தீ எழுந்தது. துர்கோன் தன் கோபுரத்தோடு வீழ்ந்தான்.

ஆனால் இட்ரில், மனத்தில் மூண்ட ஐயத்தால், நம்பிக்கைக்குரியவர்களை மட்டும் வைத்து, சுரங்க வித்தையில் தேர்ந்த மைக்லினுக்கே தெரியாதபடி, சமவெளியின் அடியில் ஒரு வழி தோண்டச் செய்திருந்தாள். அவளுக்கும் துவோருக்கும் பிறந்த ஏழு வயதுப் பாலகனான எரெண்டில், எஞ்சிய பிரஜைகளுடனும் பெற்றோருடனும் அவ்வழியே தப்பி, மலைகளைத் தாண்டி, மலைவளையத்துக்குள் பிறந்த தான் அதுவரை கண்டிராத கடலை, சிரியோன் நதியின் முகத்துவாரத்தில் கண்டான்.